விவாகரத்து வக்கீலுக்கு யார் போன் செய்வது?

திங்கள், 5 ஜனவரி

காலையிலிருந்து மழை. குடை கோர்ட்டில், போன வாரமே விட்டது. பூக்கடை ஓரமாக ஓடி வந்து ஆபீஸ் மாடி ஏறினேன். கறுப்புக் கோட்டு தொப்பல். மல்லிகை வாசனை வேறு.

முதல் வேலை: கல்யாண நோட்டீஸ். என்னுடையது. இந்த வயதிலா என்று அக்கா முகம் சுளித்தாள், சுளிக்கட்டும். பிப்ரவரி கடைசி சனிக்கிழமை பதிவுத் திருமணம், எல்லோரும் சொல்கிற ஆர்ஓஎம். மாப்பிள்ளை டேனியல் (இனி ‘டே.’; பத்திரம் எழுதிப் பழகின கை, விடாது). லிஃப்ட் எஞ்சினியர். மனைவி இறந்து சில வருடங்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் கிறிஸ்தவ சபையில் கட்டைக் குரலில் பாடுவார். நோட்டீஸை மூன்று வாரத்துக்கு முன்னால் போட்டால் போதும். நான் எதையும் முன்கூட்டியே போடுகிற ரகம். காபியோடு ஜம்பமாக உட்கார்ந்தேன்.

கேள்வி: முன்பு திருமணம் ஆனவரா? ஆம். விவாகரத்து ஆயிற்றா? ஆம். இறுதித் தீர்ப்பை இணைக்கவும்.

இல்லை.

அலமாரியில் இல்லை, கம்ப்யூட்டரில் இல்லை, கோர்ட் பதிவிலும் இல்லை. தொலையவில்லை. வாங்கவே இல்லை.

இந்த ஊரில் விவாகரத்துக்கு இரண்டு படி. முதலில் இடைக்காலத் தீர்ப்பு. மூன்று மாதம் ஆறப்போட்டு, பிறகு யாராவது ஒருவர் கேட்டால்தான் இறுதித் தீர்ப்பு. கேட்காவிட்டால் புருஷன் புருஷனேதான். ஆட்கள் மறந்துவிடுவார்கள் என்று அந்த நாள் வந்ததும் என் கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் நானே போன் போடுவேன். தீர்ப்பு வந்ததும் இன்னொரு போன். அந்த இரண்டாவது போனைக் குமாஸ்தாவிடம் கொடுத்ததே இல்லை. எப்போதும் ஒரே வசனம்: “முடிஞ்சிருச்சு. இனிமே உங்க வாழ்க்க உங்களுது. போய் நல்லா சாப்பிடுங்க.” சிலர் அழுவார்கள். ஒருத்தர் என்ன சாப்பிட என்று கேட்டார். ஆட்டுக்கால் சூப் என்றேன்.

என் கேஸில் இரண்டு பக்கமும் வக்கீல். ஒரு பக்கம் நான், மறுபக்கம் குணசேகரன் (இனி ‘கு.’). அவன் போடுவான் என்று நான், நான் போடுவேன் என்று அவன். ஊரையே பிரித்துவைக்கிற இரண்டு பேர், கோவிட்டுக்கு முந்தின வருடமே இடைக்காலத் தீர்ப்பு வாங்கியும் இன்றுவரை சட்டப்படி தம்பதி. வெளியே தெரிந்தால் மானம் போகும்.

குமாஸ்தா பத்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, “எல்லாருக்கும் நீங்க போன் பண்றீங்க மேடம். உங்களுக்கு யாரு பண்ணுவா?” என்றாள்.

வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

மாலை தேக்கா மார்க்கெட். மீன்காரரைக் குறுக்கு விசாரணை. வஞ்சிரம் நேற்றையது என்று ஒப்புக்கொண்டார். மனசு கொஞ்சம் ஆறியது.

புதன், 7 ஜனவரி

மழை இல்லை. புழுக்கம். ஏசி தண்ணீர் ஒழுகுகிறது, கீழே வாளி.

புதுக் கட்சிக்காரி. நிவேதா (நி.). பாலர் பள்ளி ஆசிரியை. உட்காருவதற்கு முன்பே, “மேடம், எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா இல்லயா? அத மொதல்ல சொல்லுங்க.”

நம் பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதான். அரசாங்கத்தின் வீவக வீடு தம்பதிக்குத்தான் கிடைக்கும், அதற்காக முதலில் ஆர்ஓஎம். தாலி பிறகு, நல்ல மாதத்தில், மண்டபம் கிடைக்கும்போது. அதுவரை அவள் அவள் அம்மா வீட்டில், அவன் அவன் அம்மா வீட்டில். கேட்டால் “ஆர்ஓஎம் ஆயிடுச்சு, கல்யாணம் இன்னும் ஆகல” என்பார்கள். சட்டத்துக்கு இந்த வாக்கியம் புரியாது. நமக்கு நன்றாகப் புரியும்.

நி.க்குத் தாலி தை மாதக் கடைசியில். உட்லண்ட்ஸில் வீட்டுச் சாவி முன்னாலேயே வந்துவிட்டது. கார்த்திகையில் நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை பிரகாஷின் அம்மா போய்ப் பால் காய்ச்சிவிட்டார். சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் இருந்தார்கள். நி. மட்டும் இல்லை. வாட்ஸாப்பில் போட்டோ பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

“கேட்டா, தாலி ஏறாம மருமக வந்து பால் காய்ச்சக் கூடாதாம். வீடு என் பேர்லயும்தான் இருக்கு மேடம். அந்த அடுப்பு நான் கட கடயா ஏறி எறங்கி வாங்குனது. என் அடுப்பு, நான் இல்ல, மத்த எல்லாரும் இருக்காங்க.”

“பிரகாஷ் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. அதான் பிரச்சனையே.”

திருமணமே செல்லாது என்று ஆக்கித் தரவேண்டுமாம். சேர்ந்து வாழவில்லை, அதனால் வழி இருக்கிறது. வீடும் கையைவிட்டுப் போகும் என்றேன். போகட்டும் என்றாள். உதடு துடித்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம், ஊர் கண்ணுக்குக் கன்னி, சட்டத்துக்கு மனைவி. இந்தப் பக்கம், ஊர் கண்ணுக்கு வாழாவெட்டி, சட்டத்துக்கு மனைவி. சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் யார் என்று பார்த்தால் கு. வேறு யாராக இருக்கும்.

வெள்ளி, 9 ஜனவரி

கு.வுடன் மதியச் சாப்பாடு, வாழையிலைக் கடை. நானே கூப்பிட்டேன்.

இவனைப் பற்றி எழுதிவைக்க வேண்டும், பிற்காலத்தில் நானே நம்ப மாட்டேன். கோர்ட் வாசல் வரை ரப்பர் செருப்பு, ஷூ ஜவுளிக்கடைப் பையில். வாதத்தை சிராங்கூன் சாலையில் நடந்தபடியே சத்தமாக ஒத்திகை பார்ப்பான், சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுப்பார்கள். முன்னால் ஒரே ஆபீஸ், இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாடியில் அவன் ஆபீஸ். ஜன்னலுக்கு ஜன்னல். ஸ்டேப்ளர் கேட்டு ரோட்டைத் தாண்டி வருவான், சொந்தமாக ஒன்று வாங்க மாட்டான். சட்டம் படிக்கும்போது பக்கத்து நாற்காலி. அங்கே ஆரம்பித்த வினை.

விஷயத்தைச் சொன்னேன். அப்பளத்தை நொறுக்குவதை நிறுத்தினான்.

“நீதானே கேஸ் போட்டவ? நீ முடிப்பேன்னு நெனச்சேன்.”

“நீயும் கேக்கலாம்னு சட்டம் இருக்குல்ல?”

“இருக்கு. நீ போட்டா நான் ஏன் எதிர்க்கப் போறேன்? சம்மதம்னு எழுதித் தரேன் லா.” பிறகு, மெதுவாக, “எப்போ கல்யாணம்?”

“பிப்ரவரி கடைசி.”

“டேனியல் நல்ல மனுஷன்.” ரசத்தை ஊற்றச் சொன்னான். அதற்குமேல் அதைப் பற்றி எதுவும் இல்லை. எப்போதும் இப்படித்தான். முக்கியமான இடத்தில் ரசம் கேட்பான்.

சிக்கல் அடுத்தது. இத்தனை தாமதமானால் நீதிபதி சும்மா தர மாட்டார். சத்தியம் செய்து அஃபிடவிட் கொடுக்கவேண்டும். ஏன் தாமதம்? இடையில் ஒரே கூரையின் கீழ் இருந்தீர்களா?

இருவரும் இலையைப் பார்த்தோம்.

இருந்தோமே. அப்போது கு. வாடகை குறைவு என்று எல்லைக்கு அந்தப் பக்கம் ஜோகூரில் குடியிருந்தான், தினம் உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி வருவான். கோவிட் வந்து பாலத்தை மூடினார்கள். ஒரு கோட்டு, ஒரு ஜவுளிக்கடைப் பை, இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். என் குவீன்ஸ்டவுன் வீட்டு வாசலில் வந்து நின்றான். விரட்டவா முடியும்? சர்க்யூட் பிரேக்கர் என்று பெயர் வைத்த அந்த ஊரடங்கு முழுவதும் என் வீட்டில். அவன் ஒரு அறை, நான் ஒரு அறை, இதை எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் இருவரும் எதிரெதிர்த் தரப்பில் ஒரு கேஸ், ஜூமில். அவன் அறையிலிருந்து, நான் ஹாலிலிருந்து. நடுவில் குக்கர் விசில். இரண்டு மைக்கிலும் ஒரே விசில். நீதிபதி, பென்சிலால் மேஜையைத் தட்டுகிற அம்மா (‘மிஸ் பென்சில்’ என்று பெயர் வைத்திருக்கிறேன்), இரண்டு வக்கீல் வீட்டிலும் ஒரே நேரத்தில் பருப்பு வேகிறதா என்று கேட்டார். “ஊரே சமைக்கிற நேரம், யுவர் ஆனர்” என்றான் கு., முகம் மாறாமல்.

இதை டே.க்கு நான் சொன்னதில்லை. இனி சொல்லாமல் முடியாது.

திங்கள், 12 ஜனவரி

டே. வீட்டுக்கு வந்தார். சொல்ல வேண்டியது: (1) நான் இன்னும் கு.வின் மனைவி. (2) சர்க்யூட் பிரேக்கர். சொன்னது: இரண்டும் இல்லை.

கல்யாணத்துக்குக் கட்டுகிற டை, அந்தக் கழுத்துப்பட்டைக்குத் துணி மாதிரிகள் கொண்டுவந்திருந்தார். என் புடவைக்குப் பொருத்தமாக வேண்டுமாம். எதைக் காட்டினாலும், “வேணி, நீங்க சொல்லுங்க.” முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை.

என் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் நின்றபோது அறிமுகமானவர். உள்ளே நான், இருட்டு. லிஃப்டை, அதைச் செய்தவனை, பார்க்காமல் விட்டவனை எல்லாம் வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் ஒரு கட்டைக் குரல்: “மேடம், நான் வந்துட்டே இருக்கேன். அதுவரைக்கும் திட்டுங்க, பரவால்ல.” வந்து திறந்தபோது வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். அந்தக் குரலுக்காகத்தான் கல்யாணம் செய்கிறேன் என்று அக்காவிடம் சொன்னால் அடிப்பாள்.

எலுமிச்சை மஞ்சளைத் தேர்ந்தெடுத்தேன். கோழை நான். வெட்கக்கேடு.

வியாழன், 15 ஜனவரி

பொங்கல். வெயில். கேம்பல் லேனில் மாடு பார்க்கக் கூட்டம், பிள்ளைகள் மாட்டோடு செல்ஃபி. ஆபீஸ் வாசலில் கரும்புத் தோகை, பத்மா இரண்டு முறை வழுக்கினாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அஃபிடவிட் எழுத உட்கார்ந்தேன்.

‘கவனக்குறைவால் தாமதம் ஏற்பட்டது.’ கோடு போட்டு அடித்தேன்.

‘வேலைப் பளுவால்.’ அடித்தேன்.

‘எதிர்த்தரப்பினர் விண்ணப்பிப்பார் என்ற நம்பிக்கையில்.’ எந்தக் கட்சிக்காரராவது இதைக் கொண்டுவந்தால் மூக்கை உடைத்து அனுப்பியிருப்பேன்.

போன். கு. ஜன்னலில் நின்று கையாட்டிக்கொண்டே பேசினான்.

“என்ன எழுதியிருக்க?”

“மறதின்னு.”

“பொய் சத்தியம் பண்ணாத வேணி. ஊர்ல எல்லார் தேதியும் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் தேதி மறக்குமா?”

“உனக்கு?”

ஜன்னலில் அவன் கை இறங்கியது. கீழே யாரோ பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள்.

“ஞாபகம் இருந்துச்சு. அன்னைக்கு முழுக்க உன் ஜன்னலப் பாத்துட்டே இருந்தேன். நீ போடல. சரி, நாம எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன்.”

போனை வைத்துவிட்டேன். முகம் கழுவினேன். மறுபடி உட்கார்ந்தேன்.

எனக்கும் ஞாபகம் இருந்தது. அதுதான் உண்மை. அன்று காலை நாட்காட்டியைப் பார்த்தேன், வேறு கோப்பை எடுத்தேன். மறுநாளும். இவனோடு வாழ முடியாது என்று தெரியும். வீட்டிலும் ஓயாத வாதம், யார் ஜெயித்தாலும் சோறு ஆறிப்போகும். வாதம் இல்லாத நேரத்தில் இவன் வாயே திறக்க மாட்டான். இருந்தும் கடைசிக் கையெழுத்தைப் போட மனசு வரவில்லை. சர்க்யூட் பிரேக்கர் முடிந்து இந்தப் பக்கமே ஓர் அறை பிடித்துக்கொண்டு அவன் போனான். மறுநாள் சமையலறையில் அவன் ரசப்பொடி டப்பாவைப் பார்த்து நின்று அழுதேன். திரும்ப வந்துவிடு என்று சொல்லத் தோன்றவில்லை. அழுகை மட்டும் வந்தது. அதன் பிறகு அழவில்லை. அத்தோடு எனக்குள் முடிந்துவிட்டது, கோர்ட்டுக்குத்தான் சொல்லவில்லை.

எழுதினேன்: ‘தேதி எனக்கு நினைவிருந்தது. அப்போது முடிக்க விரும்பவில்லை. இப்போது விரும்புகிறேன்.’ கீழே சர்க்யூட் பிரேக்கர் விவரம், தனித்தனி அறை, எல்லாம். இவ்வளவு சின்ன அஃபிடவிட் நான் எழுதியதே இல்லை.

நாளை சத்தியம் செய்து போட்டுவிடுவேன். முன்பின் தெரியாத நீதிபதிக்குத் தெரியப்போகிறது. கட்டிக்கொள்ளப் போகிறவருக்குத் தெரியாது.

புதன், 21 ஜனவரி

தூறல். புதுக் குடை. பழைய குடை கோர்ட் பாதுகாவலரிடம் பத்திரமாக இருந்தது, இப்போது இரண்டு.

என் விசாரணை பிப்ரவரி 4. நீதிபதி யார் என்று பார்த்தேன். மிஸ் பென்சில். தலையெழுத்து.

இன்று நி.–பிரகாஷ் சமரசப் பேச்சு. சின்ன அறை. பிரகாஷின் அம்மா வெளியே, மடியில் தாம்பூலப்பை. எதற்குக் கொண்டுவந்தார் என்று தெரியவில்லை. பிரகாஷ் நல்ல உயரம், ஆனால் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தான். கு. ஷூவை மாற்ற மறந்து ரப்பர் செருப்போடு.

நான் ஆரம்பித்தேன். வீட்டில் சம பங்கு, அவமதிப்பு, இத்யாதி. கு. தன் கட்சிக்காரனைப் பார்த்துத் திரும்பினான்.

“தம்பி, அம்மா பால் காய்ச்சப் போறாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் அங்கிள்.”

“நிவேதா கோவப்படும்னு தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் ரெண்டு பேர்ட்டயும் ஒண்ணும் சொல்லல?”

பிரகாஷ் தலையைக் குனிந்தான். “சொல்லாம விட்டா, தானா சரியாயிடும்னு நெனச்சேன்.”

கு. நாற்காலியை அவன் பக்கம் இழுத்தான். என்னைப் பார்க்கவில்லை.

“நானும் ஒன்ன மாதிரி ஆளுதான். வாயத் தொறக்காம இருந்தா பொண்டாட்டிக்குப் புரியும்னு நெனச்சேன். புரியல. எப்புடிப் புரியும்? கோர்ட்ல வாய் கிழியப் பேசுவேன், வீட்ல ரசம் கேப்பேன். தானா எதுவும் சரியாகாது லா. சொன்னாதான் ஆகும். சொல்லு, இப்பவே சொல்லு.”

நான் பேனா மூடியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பிரகாஷ் நி.யைப் பார்த்து, “சாரி. அன்னைக்கு நான் அங்க நிக்கவே கூடாது. நீ இல்லாம நின்னுருக்கக் கூடாது” என்றான். நி. அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலர் பள்ளிக் குரலில், “மறுபடி காய்ச்சணும். நானும் நீயும். வேற யாரும் வரக் கூடாது. தாலிக்கு முன்னாடி. ஒங்கம்மாகிட்ட நீ சொல்லணும்.”

“சொல்றேன்.”

“இப்ப.”

எழுந்து வெளியே போனான். கதவுக்கு அப்பால் அவன் அம்மாவின் குரல், “அது எப்புடிடா?” பிறகு அவன் குரல். கடைசியில் அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, நி.யிடம், “நல்ல நேரமாச்சும் பாத்துக்கம்மா” என்றார்.

வழக்கு நிறுத்திவைப்பு. வெளியே வந்ததும் கு., “ஸ்டேப்ளர் வேணும், நாளைக்கு வரேன்” என்றான். வா என்றேன்.

வெள்ளி, 23 ஜனவரி

டே.யிடம் சொல்லிவிட்டேன்.

கோர்ட்டில் வாதாடுகிற மாதிரி ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன். சாதாரணமாகச் சொன்னேன். சட்டப்படி நான் இன்னும் கு.வின் மனைவி. மறக்கவில்லை, வேண்டுமென்றே போடாமல் இருந்தேன். கோவிட் சமயத்தில் என் வீட்டில் இருந்தான். அவன் போனபோது அழுதேன்.

டே. கையிலிருந்த டீயை வைத்தார். “இத்தன நாள் ஏன் சொல்லல வேணி?”

“பயம்.”

“என்ட்டயா?”

“உங்கள்ட்ட இல்ல. நீங்க போயிருவீங்களோன்னு.”

யோசிக்க வேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. வாசல்வரை போனேன். லிஃப்ட் திறந்திருந்தது. அவர் ஏறவில்லை, படியில் இறங்கிப் போனார். லிஃப்ட்காரர்.

கழுத்துப்பட்டைத் துணி சோபாவில் கிடக்கிறது. எடுத்து மடித்துவைத்தேன்.

செவ்வாய், 27 ஜனவரி

போன் இல்லை. நானும் செய்யவில்லை. அவர் யோசிக்கிறார், நடுவில் போய்க் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று பத்மாவைக் கேட்டால் தெரியும். இன்று அவளிடம் ஒரே கடிதத்தை மூன்று முறை மாற்றச் சொன்னேன். கடைசியில் முதலில் எழுதினதே சரி.

கட்சிக்காரர் ஒருவருக்கு இறுதித் தீர்ப்பு வந்தது. போன் போட்டேன். “முடிஞ்சிருச்சு. இனிமே உங்க வாழ்க்க...” குரல் உடைந்தது. அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். நல்லா சாப்பிடுங்க மேடம் என்றார்.

நோட்டீஸுக்குக் கடைசி நாள் நெருங்குகிறது. தீர்ப்பு வந்தாலும் போட ஆள் வேண்டுமே.

அக்கா போன்: “கல்யாணப் பேச்சு என்னாச்சு?” மழை என்றேன்.

ஞாயிறு, 1 பிப்ரவரி

தைப்பூசம். சிராங்கூன் சாலை முழுக்கப் பால்குடம், காவடி. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று ஆபீசுக்கு வந்தேன். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் ஜன்னலில் கு., தண்ணீர்ப் பந்தலுக்கு மாடியிலிருந்து ஆலோசனை சொல்லிக்கொண்டு. யாரும் கேட்கவில்லை.

கூட்டத்தின் நடுவே ஒருத்தர். சபைக்குப் போகிற வெள்ளைச் சட்டை, பாட்டுப் புத்தகம் கையில். பால்குடங்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு, ஓர் அடி முன்னே, இரண்டு அடி பின்னே. டே.

மாடி ஏறி வர எவ்வளவு நேரம் ஆயிற்றோ, எனக்கு மூச்சே வரவில்லை. வந்து உட்காரவில்லை.

“ஒரே ஒரு கேள்வி. இப்ப அந்தத் தீர்ப்ப எனக்காகக் கேக்குறீங்களா? இல்ல உங்களுக்காகவா?”

“நீங்க இன்னிக்கு வரலன்னாலும் புதன்கிழம கோர்ட்டுக்குப் போயிருப்பேன்” என்றேன். “எனக்காக.”

“அது போதும்.” அப்புறம்தான் உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என் மனைவி போன பிறகு அவ செருப்ப வாசல்ல இருந்து எடுக்க எனக்கு மனசு வரல வேணி. யாரு சொல்லியும் எடுக்கல. ஒரு நாள் நானே எடுத்தேன். நீங்க அழுதது எனக்குத் தப்பாத் தெரியல. சொல்லாததுதான் வலிச்சுச்சு.”

“இனிமே சொல்லுவேன்.”

“சண்ட போட்டே சொல்லுங்க, பரவால்ல.”

அழுதேன். நன்றாகவே, சத்தமாகவே அழுதேன். கீழே மேளம், யாருக்கும் கேட்கவில்லை. எதிர் ஜன்னலில் கு. பார்த்துவிட்டுத் திரை போட்டான். அவன் ஜன்னலுக்குத் திரை இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

கீழே இறங்கி மோர் வாங்கிக் குடித்தோம். டே. இரண்டு டம்ளர்.

திங்கள், 2 பிப்ரவரி

நி.யிடமிருந்து போட்டோ. உட்லண்ட்ஸ் வீடு, அடுப்பு மேடை முழுக்கப் பால். பொங்கி அடுப்பு அணைந்துவிட்டதாம். பிரகாஷ் கையில் துணி, இரண்டு பேரும் சிரிப்பு. கீழே: ‘மேடம், கல்யாணத்துக்கு நீங்களும் சாரும் கண்டிப்பா வரணும்.’

எந்த சார் என்று கேட்கவில்லை. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

புதன், 4 பிப்ரவரி

வெயில். இரண்டு குடையும் வீட்டில்.

கட்சிக்காரியாகக் கோர்ட்டில் உட்காருவது எவ்வளவு கேவலமாக இருக்கிறது! கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின் வரிசையில் டே. உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் கு., ஷூ போட்டிருந்தான்.

மிஸ் பென்சில் என் அஃபிடவிட்டைப் படித்தார். திரும்பப் படித்தார். பென்சில் நின்றது. நிமிர்ந்து என்னையும் கு.வையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அந்த விசில்” என்றார்.

“ஆமாம், யுவர் ஆனர்” என்றேன்.

கு. எழுந்து, “துவரம்பருப்பு, யுவர் ஆனர்” என்றான். அவனை யாரும் கேட்கவே இல்லை.

அவர் சிரிக்கவில்லை, ஆனால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என்னிடம், இத்தனை வருடம் முடிக்க விரும்பவில்லை என்று எழுதுகிறவர்கள் குறைவு, மறந்துவிட்டேன் என்பதுதான் வழக்கம் என்றார். நிச்சயமாக முடிக்கத்தானா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். குரல் நடுங்கவில்லை.

தந்துவிட்டார்.

வெளியே வந்ததும் கு. செருப்புக்கு மாறினான். டே.யின் கையைக் குலுக்கினான். “கோவமா பேசுனா நம்பாதீங்க சார், பேசாம இருந்தாதான் ஜாக்கிரதையா இருக்கணும்.” நடந்தே போகிறேன் என்று போய்விட்டான், வழியெல்லாம் எதற்கோ வாதாடிக்கொண்டு.

நான் ஆபீசுக்கு வந்து நோட்டீஸை முடித்தேன். இறுதித் தீர்ப்பை இணைக்கவும். இணைத்தேன். பத்மா எழுந்து நின்று கைதட்டினாள், உட்கார் என்றேன். டே. கீழே பூக்கடையில் காத்திருக்கிறார்.

விளக்கை அணைக்கப் போனபோது மேஜைப் போன் அடித்தது. எதிர் ஜன்னலில் திரை விலகியிருந்தது. கு. நிமிர்ந்து நின்றுகொண்டு, கோர்ட் குரலில்:

“மேடம் கமலவேணிங்களா? உங்க கேஸ் விஷயமாப் பேசுறேன்.” தொண்டையைச் செருமினான். “முடிஞ்சிருச்சு. இனிமே உங்க வாழ்க்க உங்களுது. போய் நல்லா சாப்பிடுங்க.”

நன்றி சொன்னேன். உங்களுக்கும் அதேதான் சார் என்றேன். போனை வைத்தேன்.

ஸ்டேப்ளரை அவன் மேஜையில் வைத்துவிட்டு வரச் சொல்லிப் பத்மாவிடம் கொடுத்தேன். அவனே வைத்துக்கொள்ளட்டும்.

டே. கீழேயிருந்து கூப்பிடுகிறார். ஆட்டுக்கால் சூப்.